முளை அடிக்கும் முன்னே: வாசகர் கேள்வி – பதில்

புதிய வீடமைப்புக் காணிகளையும் அவற்றில் நிற்கும் மரங்களையும் பற்றி மலையகத்தின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: ஐயா, எமது தோட்டப் பிரிவில் லயங்களில் வசிக்கும் 40 குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச் காணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காட்டப்பட்ட இடம் தேயிலை கைவிடப்பட்ட ஒரு சரிவு. அங்கே பழைய சவுக்கு மரங்கள் நிற்கின்றன. மேற்புறத்தில் ஒரு சிறு காடும், எங்கள் குடிதண்ணீருக்கான ஊற்றும் உள்ளன. எல்லாவற்றையும் பெக்கோ வைத்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் காணி அளப்பார்களாம். வீடு வேண்டும், ஆனால் ஊற்றும் வேண்டும். நாங்கள் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான சொல் "சுத்தமாக்கிவிட்டு அளப்பார்கள்" என்பதுதான். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் செய்வதே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. முதலில் அளக்க வேண்டும். அளக்கும்போதே மரங்களையும் ஊற்றையும் ஓடையையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதன் பிறகே பாதை எங்கே, வீடு எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். காணி துண்டாடப்பட்டு முளை அடிக்கப்பட்ட பிறகு மரத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் குறைவு. அப்போது ஒவ்வொரு மரமும் ஏதோ ஒரு குடும்பத்தின் முற்றத்தில் நிற்கும்; அந்தக் குடும்பத்துக்கு அது இடத்தை அடைக்கும் பொருளாகவே தெரியும். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். 7 பேர்ச் என்பது 177 சதுர மீற்றர். பெருந்தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் வழக்கமான 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீற்றரை எடுத்துக்கொள்ளும். மறுபுறம், கட்டட வேலையின்போது ஒரு மரத்தின் வேர்ப்பகுதியைக் காக்கப் பிரித்தானிய நியமம் ஒரு வழி சொல்கிறது: நெஞ்சளவு உயரத்தில் மரத்தின் விட்டம் எவ்வளவோ, அதன் 12 மடங்கு தூரத்தை ஆரமாகக் கொண்ட வட்டத்துக்குள் தோண்டவோ மண் கொட்டவோ இயந்திரத்தை ஓட்டவோ கூடாது. உங்கள் சவுக்கு மரம் 40 சென்ரிமீற்றர் விட்டமுடையது என்றால், வட்டத்தின் ஆரம் 4.8 மீற்றர், பரப்பு 72 சதுர மீற்றர். வீட்டையும் மரத்தையும் கழித்தால் மலசலகூடம், நடைபாதை, கான் (மழைநீர் வடிகால்), நாலு மிளகாய்ச் செடி எல்லாவற்றுக்கும் 54 சதுர மீற்றர்தான் மிஞ்சும், அதுவும் சரிவில். எனவே 7 பேர்ச் துண்டுக்குள் முதிர்ந்த மரத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. மரங்கள் நிற்கும் பட்டையைத் துண்டுகளுக்கு வெளியே பொது ஒதுக்காக விட வேண்டும்.

அதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். 40 குடும்பங்களுக்கு 7 பேர்ச் வீதம் 280 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதால் இது ஒன்றே முக்கால் ஏக்கர். உங்களுக்குக் காட்டப்பட்ட சரிவு மொத்தம் எத்தனை ஏக்கர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது மூன்று ஏக்கர் என்றால், பாதைக்கும் கானுக்கும் போக மரப்பட்டைக்கும் ஊற்றுக்கும் தாராளமாக இடம் கிடைக்கும். இரண்டு ஏக்கர்தான் என்றால், "எங்களுக்கு இன்னும் கொஞ்சம் காணி தாருங்கள்" என்பதே உங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும். மரத்தை வெட்டி இடம் பிடிப்பது தீர்வல்ல. அந்தத் தோட்டக் காணியில் பெரும்பகுதி இன்றும் அரசுக்குச் சொந்தமானது என்பதையும், 1992 முதல் கம்பனிகளிடம் அது குத்தகையில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஊற்று விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மேலேயுள்ள சிறு காடுதான் மழைநீரைப் பிடித்து மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்குகிறது. அதை வெட்டினால் மழைக்காலத்தில் சேறும் வெயில் காலத்தில் நீர் வராத வெறும் பீலியும் (ஊற்றுநீர் விழும் குழாயும்) மிஞ்சும் என்பதை மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு மேலே இருந்த பீலி ஒருபோதும் நின்றதில்லை. மேலிருந்த காட்டுத்துண்டை விறகுக்காக யூகலிப்டஸ் தோப்பாக்கிய பின், மாசி, பங்குனி மாதங்களில் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மரம் மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட வேறு காரணம் சொன்னதில்லை. மேலும், ஊற்றுக்கு மேற்புறத்தில் வீடு வந்தால் மலக்குழியும் அங்கேதான் வரும். ஊற்றுக்கு மேலே ஒரு வீடும் வேண்டாம் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் கேட்பது எப்படி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்டத்தை நடத்தும் அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் நீங்கள் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். காணியின் வரைபடம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கை, வெட்டவிருக்கும் மரங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். நான்காவதாக, வெட்டப்படும் மரங்கள் யாருடைய கணக்கில் விற்கப்படும் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் வீட்டுக்காக மரம் வெட்டுகிறார்களா, மரத்துக்காக வீட்டைக் காரணம் காட்டுகிறார்களா என்ற ஐயம் அந்தப் பதிலில்தான் தெளியும். விண்ணப்பத்தின் ஒரு பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் இன்னொன்றைப் பிரதேச சபைக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்திருங்கள்.

கேள்வி: என் சொந்தக் காணியில் நிற்கும் பலா மரத்தை வீட்டு அத்திவாரத்துக்காக வெட்டலாமா? என் காணிதானே?
(வாசகர், மாத்தளை)

பதில்: காணி உங்களுடையதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா மரத்தை அனுமதிப்பத்திரமின்றி வெட்ட முடியாது. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பஞ்ச காலத்தில் ஊரைச் சோறு போட்டுக் காத்த மரம் என்பதால் பலாவுக்கு இந்த மரியாதை. விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்னர் அத்திவாரத்தை நான்கு அடி நகர்த்த முடியுமா என்று மேசனாரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

கேள்வி: மரம் நட்டால் மண்சரிவு வராது என்று பாடசாலையில் சொல்கிறார்கள். ஆனால் டித்வா புயலில் மரங்களோடு சேர்ந்தே மலை இறங்கியதை நாங்கள் கண்ணால் கண்டோம். எது உண்மை?
(வாசகர், பதுளை)

பதில்: இரண்டுமே உண்மை, இரண்டும் வெவ்வேறு வகைச் சரிவுகளைப் பற்றியவை. மரவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்று இரண்டு மீற்றர் ஆழத்துக்குள்தான் பரவியிருக்கிறது. அந்த ஆழத்தில் நிகழும் மேலோட்டமான சரிவுகளை வேர் நன்றாகவே தடுக்கிறது. மண்ணைத் தைத்து வைத்திருக்கும் நூல் போல அது வேலை செய்கிறது. இலைக்கூட்டம் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கிறது. மரம் உறிஞ்சி வெளியேற்றும் நீரால் அடுத்த மழைக்கு முன் மண் ஓரளவு காய்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து மீற்றர் ஆழத்தில், பாறைக்கும் மண்ணுக்கும் இடையே நீர் தேங்கி, மலையின் ஒரு பகுதியே வழுக்கத் தொடங்கினால், மேலே நிற்கும் மரம் அதோடு பயணிக்கும் பயணி மட்டுமே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நாம் பார்த்த பல சரிவுகளில் இந்த இரண்டு வகையும் கலந்திருந்தன.

ஆகவே, மரம் நடுவது ஆபத்தான இடத்தைப் பாதுகாப்பான இடமாக மாற்றிவிடாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011 முதல் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவைப்படுவது இதனால்தான். அந்த நிறுவனம் எச்சரித்த இடத்தில் மக்கள் தொடர்ந்து இருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீரியபெத்தை நம் கண்முன் இருக்கிறது. கொஸ்லாந்தையை அடுத்த அந்தத் தோட்டத்தைப் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின.

மரம் வெட்டுவதைப் பற்றி ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மரத்தை இன்று வெட்டினால் மலை நாளைக்கே சரிவதில்லை. அடிமரத்தின் வேர்கள் சில ஆண்டுகளுக்கு மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அவை மெதுவாக உக்கி வலுவிழந்து, புதிதாக நட்ட மரத்தின் வேர் இன்னும் பலம் பெறாத இடைவெளியில்தான் சரிவு பெரும்பாலும் நேர்கிறது. அதற்குள் வீடு திறப்பு விழாப் படங்கள் மங்கியிருக்கும். மரத்தை வெட்டச் சொன்ன உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றிருப்பார். குடியிருப்பவர் மட்டும் அங்கே இருப்பார்.

மரம் வெட்டுவதைவிட மோசமான விளைவைத் தருவது மண்ணை வெட்டி நிரப்பும் வேலை. சரிவைச் சுவர் போல் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, அந்தத் தளர்ந்த மண்ணின் மேல் பாதி வீட்டை அமர்த்துகிறார்கள். வெட்டிய பக்கம் வீட்டின் மேல் விழக் காத்திருக்கிறது. நிரப்பிய பக்கம் வீட்டின் கீழிருந்து நழுவக் காத்திருக்கிறது. மலையின் போக்கிலேயே சமவுயரக் கோட்டை ஒட்டி வீடுகளை நீளவாக்கில் அமைத்தால், வெட்டும் மண்ணும் குறையும், சாய வேண்டிய மரங்களும் குறையும். பழைய தோட்டங்களில் கான் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நீரை மலையோடு சண்டையிட விடாமல் பக்கவாட்டில் அழைத்துச் செல்வதே அவர்களுடைய வித்தை. இன்று பல இடங்களில் அந்தக் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. புதிய குடியிருப்பு வரும்போது முதலில் செலவிட வேண்டிய பணம் கானுக்கே.

மழை நாட்களில் நினைவில் வைக்க மூன்று எண்கள் உள்ளன: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். தோட்டத் தொழிற்சாலையில் மழைமானி இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளையை ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து, "சிறுத்தையின் காட்டை அழிக்கிறீர்கள்" என்று எங்களிடம் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பத்தடி அறையில் வாழ்ந்த எங்களுக்கு வீடு கிடைக்கும்போதுதான் இவர்களுக்கு மரம் ஞாபகம் வருகிறதா? மனிதனைவிட மரம் பெரிதா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த மலைகளின் பெருங்காட்டை அழித்தது லயத்தில் இருந்தவர்களின் தேவையல்ல. கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைக்காகவும் ஏக்கர் ஏக்கராக எரிக்கப்பட்ட காட்டின் கணக்கை, 7 பேர்ச் கேட்கும் குடும்பத்திடம் வசூலிப்பது அநீதி.

ஆனால் "மனிதனா மரமா" என்ற கேள்வியை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம் என்பேன். அந்தக் கேள்வி உங்களுக்காக வேறு யாரோ தயாரித்து வைத்தது. வீட்டுக் காணிக்கு எந்த இடம் காட்டப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல கொழுந்து எடுக்கும் மலை கம்பனிக்கு வருமானம். ஆகவே அது தரப்படுவதில்லை. தேயிலைக்கு உதவாத செங்குத்துச் சரிவும், பாறை நெளிவும், ஓடையின் தலைப்பகுதியும், இடையில் எஞ்சிய காட்டுத்துண்டும்தான் "பயன்படாத நிலம்" என்ற பெயரில் வீட்டுக்கு வருகின்றன. இயற்கைக்கு மிக முக்கியமான இடமும் குடியிருப்புக்கு மிக ஆபத்தான இடமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் காட்டைக் காக்கச் சொல்பவரும், பாதுகாப்பான காணி கேட்கும் தொழிலாளியும் உண்மையில் ஒரே கோரிக்கையை வைக்க முடியும்: பாதைக்கு அருகில், சரிவு குறைந்த, ஏற்கெனவே தேயிலை இருக்கும் மலையில் காணி தாருங்கள்.

சிறுத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையகச் சிறுத்தைகள் தோட்டங்களுக்கிடையே உள்ள இந்தக் காட்டுத்துண்டுகளைப் பாலம் போலப் பயன்படுத்தியே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை பின்னர் இறந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். துண்டுகளை இணைக்கும் பட்டைகளை ஓடையோரங்களில் விட்டுவைத்தால் சிறுத்தைகள் மேல்வழியே போய்விடும். அந்தப் பட்டைகளை வெட்டினால் சிறுத்தைகள் உங்கள் முற்றத்து வழியே போகும், நாயையும் கொண்டுபோகும். அடுத்த முறை வாகனத்தில் வருபவர்களிடம், நல்ல மலையில் காணி வாங்கித்தரக் கம்பனியிடமும் அமைச்சிடமும் உங்களோடு வந்து பேசத் தயாரா என்று கேளுங்கள். வருபவர்கள் நண்பர்கள்.

கேள்வி: 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்ற விதியை யார் கொண்டுவந்தார்கள்? க.பொ.த. உயர்தர மாணவி நான்.
(மாணவி, நானுஓயா)

பதில்: பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், கியூ பூங்காவின் பணிப்பாளராக இருந்தபோது, 1873இல் இலங்கையின் உயர்மலைக் காடுகள் அழிவதால் மழைக்கும் ஆறுகளுக்கும் வரக்கூடிய தீங்கைச் சுட்டிக்காட்டினார். அதையொட்டியே 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்பதும் வெட்டுவதும் கட்டுப்படுத்தப்பட்டன. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக் காடும் இன்றும் நிற்பதில் அந்தத் தடைக்குப் பங்குண்டு. அவற்றோடு நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. ஆனால் நுவரெலியா நகரமே 6,000 அடிக்கு மேல்தான் இருக்கிறது என்பதை வைத்து, விதி எப்படி வளைந்தது என்று உங்கள் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நகரத்துக்கு மேலேயுள்ள பைன் தோப்பை வெட்டித் தனியார் வீட்டுத் தொகுதி ஒன்று வருகிறது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் அறிக்கை வேண்டும் என்கிறார்கள். ஆனால் இவர்களிடம் அப்படி ஒன்றும் இல்லையாம். இது சட்டப்படி சரியா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: அது திட்டத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, 1993 ஜூன் மாத வர்த்தமானியில் எந்தெந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு தேவை என்பது பட்டியலிடப்பட்டது. 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட வீடமைப்பு, 1 ஹெக்டெயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, 50 ஹெக்டெயருக்கு மேல் நிலத்தைத் துப்புரவாக்குவது ஆகியவை அதில் உள்ளன. ஆயிரம் வீடு என்பது மலையகத்தில் ஒரு சிறு நகரம்; 60 வீட்டுத் தொகுதி ஒருபோதும் அந்த வரம்பைத் தொடாது. ஆனால் எண்ணிக்கையைப் பாராமல் இடத்தைப் பார்க்கும் பகுதியும் அந்த வர்த்தமானியில் உண்டு. மண்பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிப்புக்குள்ளாகும் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட நிலம், காட்டு ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வரும் நிலம் போன்றவை அதில் சேரும். உங்கள் பைன் தோப்பு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியதா, அதை ஒட்டியதா, தனியாருடையதா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டமாக இருந்தால், அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துக் கூற 30 நாட்கள் தரப்பட வேண்டும்.

இன்னொன்று: 100 குடும்பங்களுக்கு மேற்பட்ட கட்டாய மீள்குடியேற்றத்துக்கும் மதிப்பீடு தேவை, ஆனால் அவசரநிலையால் நேரும் மீள்குடியேற்றம் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. டித்வாவுக்குப் பிறகு அமையும் குடியிருப்புகளில் பல இந்த விலக்குக்குள் போய்விடக்கூடும். அவசரத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. கூடாரத்தில் இருப்பவரிடம் அறிக்கைக்காகக் காத்திருங்கள் என்று சொல்ல மனம் வராது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் பிரதேச சபை உறுப்பினர்களும் ஊர்ச் சங்கங்களும் கூடுதலாக விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

பைன் மரத்தைப் பற்றிக் கேட்டால், அது இந்த மண்ணுக்கு வந்தேறி. அதன் அடியில் வேறு செடி அதிகம் வளராது. வெயில் காலத்தில் தீப்பிடிக்கும். அதற்காக இரவோடு இரவாக மொட்டையடிக்கலாம் என்று பொருளல்ல. பைன் தோப்பின் நிழலிலேயே உள்நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து, பைன்களைப் படிப்படியாக எடுக்கும் முறை சிங்கராஜக் காட்டின் ஓரங்களில் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. மொட்டை மலைக்கு மழை எந்த நாட்டு மரம் இருந்தது என்று கேட்டுக்கொண்டு வராது.

கேள்வி: புதிய வீட்டைச் சுற்றி என்ன மரம் நடலாம்? யூகலிப்டஸ் வேகமாக வளருமே?
(வாசகி, இராகலை)

பதில்: யூகலிப்டஸைத் தோட்டங்கள் விறகுக்காக நட்டன, உங்களுக்கு அது வேண்டாம். நீரை அதிகம் உறிஞ்சும், உயரமாக வளர்ந்து காற்றில் முறியும், வீட்டுக்கு அருகில் நிற்க ஏற்ற மரமல்ல. சவுக்கு மரம் தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடையாகவும் வந்த நல்ல வேலைக்காரன்; ஆனால் அதுவும் வீட்டுச் சுவரிலிருந்து தூரத்தில்தான் நிற்க வேண்டும்.

சிறு காணிக்கு இரண்டு அடுக்காக யோசியுங்கள். வீட்டுக்கு அருகே உயரம் குறைந்த, வேர் அடங்கிய மரங்கள்: கொய்யா, மரத்தக்காளி, குளிர் அதிகமான உங்கள் பக்கத்தில் பேரிக்காய், சற்றே கீழ்நாடுகளில் ஆனைக்கொய்யா. இவை நிழலோடு சாப்பாட்டையும் தரும், பிள்ளைகள் மரத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல காரணம் கிடையாது. வெட்டிய மண்மேட்டின் ஓரத்தில் மரம் நடாதீர்கள். அதன் பாரமும் காற்றில் அது ஆடும் ஆட்டமும் மேட்டைத் தளர்த்தும். அங்கே வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் 3 மீற்றர் வரை நேராகக் கீழே இறங்கும், மேலே பாரமும் இல்லை. மானாப்புல்லும் நல்லது, பழைய தோட்டக்காரர்கள் வெறும் நிலத்தைத் தேற்ற அதைத்தான் நட்டார்கள். பொது ஒதுக்கில், ஓடையோரத்தில், அந்தந்த இடத்துக் காட்டில் இயல்பாக முளைக்கும் மரங்களுக்கே முதலிடம் கொடுங்கள். அருகிலுள்ள காட்டின் விளிம்பில் விழுந்து கிடக்கும் விதையைவிட உங்கள் மண்ணுக்குப் பழகிய கன்று எந்த நாற்றுமேடையிலும் கிடைக்காது. ஆனால் ஒதுக்கக் காட்டுக்குள் எடுக்க அனுமதி வேண்டும்.

கேள்வி: எங்கள் கூரையின் மேல் ஒரு பெரிய மரம் சாய்ந்து நிற்கிறது. மரத்தைக் காக்க வேண்டும் என்று எழுதுகிறீர்களே, இதையும் காக்க வேண்டுமா?
(வாசகர், ஹப்புத்தளை)

பதில்: வேண்டாம். முதலில் கிராம உத்தியோகத்தரிடமும், மரம் தோட்டத்துக்குரியது என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் அறிவித்துவிட்டு, புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்த மரம் வெட்டுபவரைக் கொண்டு மேலிருந்து கீழாகக் கிளை கிளையாக இறக்குங்கள். அடிமரத்தைத் தோண்டிப் பிடுங்க வேண்டாம். நிலத்தோடு அறுத்துவிட்டு, வேர் உக்குவதற்கு முன்பே பக்கத்தில் வெட்டிவேரையும், நாலடி தள்ளி ஒரு கொய்யாவையும் நட்டுவிடுங்கள். மழைக்காலம் தொடங்க இன்னும் நாள் இருந்தால், இந்த வாரமே செய்வது நல்லது.